வைரம் விற்ற காசில் ஒரு பண்ணை: பொகானக் மாளிகையின் வரலாறு

1717ஆம் ஆண்டை ஒட்டி இரண்டு கிரயங்கள் நடந்தன. ஒன்றில், பட்டை தீட்டப்பட்ட 140 காரட் வைரம் ஒன்று பிரெஞ்சு அரசை அப்போது நிர்வகித்துவந்த ஓர்லியான் கோமகனுக்கு 1,35,000 பவுண்டுக்குக் கைமாறியது. மற்றொன்றில், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில் பொகானக் என்ற எஸ்டேட், ஒரு பிரபுவின் விதவையிடமிருந்து சுமார் 54,000 பவுண்டுக்குக் கைமாறியது. வைரத்தை விற்றவரும் எஸ்டேட்டை வாங்கியவரும் ஒருவரே. 1698 முதல் 1709 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த தாமஸ் பிட்தான் அவர். வைரம் கிடைத்ததும் சென்னையில்தான்.

இங்கிலாந்தின் கிராமப்புற மாளிகைகளைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் கட்டடக் கலையிலிருந்து தொடங்கும். எந்தச் சிற்பி, எந்தத் தூண், எந்த மாடம் என்று போகும். பொகானக்கைப் புரிந்துகொள்ள அந்த வழி உதவாது. அது கட்டடப் பெருமையால் பெயரெடுத்த வீடு அல்ல. ஒவ்வொரு தலைமுறையும் ஒரு பக்கத்தைச் சேர்த்தும் இன்னொரு பக்கத்தை இடித்தும் ஒட்டுப்போட்டு வைத்திருந்த வீடு. அதைச் சுற்றியிருந்த நிலமும், நிலத்தோடு கூடவே வந்த நாடாளுமன்ற இடங்களும்தான் அதன் உண்மையான சரித்திரம். எங்கிருந்து வந்த பணம், எதை வாங்கியது என்ற கேள்வியை விடாமல் கேட்டால்தான் இந்த வீடு பேசும்.

பொகானக், லாஸ்ட்விதியல் என்ற சிற்றூருக்குக் கிழக்கே சில மைல் தொலைவில் இருக்கிறது. லெரின் என்ற சிற்றாறு எஸ்டேட்டின் ஊடே ஓடுகிறது. பழைய மான் வளர்ப்புக் காடும் ஓக் மரங்களும் இன்றும் உண்டு. அந்த மரங்களில் படர்ந்திருக்கும் அரிய பாசிப்பூஞ்சை வகைகளுக்காகவே அக்காடு இயற்கைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. மாளிகையை ஒட்டினாற்போல் ஒரு சிறிய தேவாலயம். எந்தப் புனிதர் பெயரில் அது எழுப்பப்பட்டது என்பது யாருக்கும் நினைவில்லாமல் போய்விட்டது. 1086இல் வில்லியம் மன்னர் எடுத்த நிலக் கணக்கில் இந்தப் பண்ணை ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. மன்னரோடு ஒரே தாய்க்குப் பிறந்த சகோதரரான மார்ட்டேன் கோமகன் ராபர்ட்டின் கீழ் அது இருந்தது. பிறகு கார்மினோ, கோர்ட்னி என்று குடும்பங்கள் மாறி, 1579இல் சர் வில்லியம் மோகன் கைக்கு வந்தது.

மோகன் குடும்பத்தின் காலத்தில் உள்நாட்டுப் போர் இந்த வாசலுக்கே வந்தது. 1643 ஜனவரியில், பிராடாக் டவுன் சண்டைக்கு முந்தைய இரவு, மன்னர் தரப்புப் படை பொகானக் காட்டில்தான் தங்கியது. மறுநாள் அது வென்றது. அடுத்த ஆண்டு முதலாம் சார்லஸ் மன்னரே இம்மாளிகையில் தங்கியிருந்து, எசெக்ஸ் பிரபுவின் நாடாளுமன்றப் படையை லாஸ்ட்விதியலுக்கும் கடலுக்கும் நடுவே மடக்கினார். எசெக்ஸ் ஒரு மீன்பிடிப் படகில் தப்பியோட, அவருடைய காலாட்படை சரணடைந்தது.

மோகன் வம்சம் முடிந்த விதம் வேறு. நான்காம் மோகன் பிரபு சார்லஸ் இருமுறை கொலைக் குற்றம் சாட்டப்பட்டு, பிரபுக்கள் சபையில் விசாரிக்கப்பட்டு, இருமுறையும் விடுதலையானவர். 1712 நவம்பர் 15ஆம் தேதி, ஒரு சொத்து வழக்கின் பகை முற்றி, லண்டன் ஹைட் பார்க்கில் ஹாமில்டன் கோமகனோடு வாள் சண்டையிட்டார். இருவருமே மாண்டார்கள். மோகனுக்கு வாரிசு இல்லை. அவருடைய விதவை பொகானக்கை விலைபேசிய நேரத்தில், கையில் ரொக்கத்தோடு நின்றவர் தாமஸ் பிட்.

இனி நாம் சென்னைக்கு வரவேண்டும்.

பிட், டார்செட் மாவட்டத்துப் பாதிரியார் ஒருவரின் மகன். 1653இல் பிறந்தவர். இருபது வயதையொட்டி வங்காளக் கரைக்குக் கப்பலேறிப் போய், பாலசோரில் இறங்கி, சொந்தமாக வியாபாரம் தொடங்கினார். அது சட்டப்படி குற்றம். இந்திய வணிகம் முழுவதும் கிழக்கிந்தியக் கும்பினியின் ஏகபோகம். கும்பினி அவரைத் துரத்தியது, வழக்குப் போட்டது, அபராதம் வாங்கியது. அவர் அடங்கவில்லை. அடக்க முடியாதவனை உள்ளே இழுத்துக்கொள்வதே மேல் என்று கும்பினி கடைசியில் முடிவுசெய்து, அவரையே சென்னை ஆளுநராக அனுப்பியது. 1698 ஜூலையில் அவர் கோட்டையில் பொறுப்பேற்றார்.

அந்தப் பதினொரு ஆண்டுகளில் சென்னையின் முகம் மாறியது. 1702இல் நவாப் தாவூத் கான் கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார். பிட் பணம் கொடுத்து அதை விலக்கினார். 1707இல் வலங்கை, இடங்கைச் சாதியினரின் பூசல் வெடித்து, வலங்கையினர் கூட்டமாகச் சாந்தோமுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1708இல் திருவொற்றியூர், சாத்தங்காடு, கத்திவாக்கம், வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஆகிய ஐந்து ஊர்களைக் கும்பினிக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவரே. சென்னைவாசிக்கு முன்னாள் ஆளுநர் எலிஹூ யேல் பெயர் தெரிந்த அளவுக்குப் பிட்டின் பெயர் தெரியாது. நகரத்தின் நிலப்பரப்பில் அழுத்தமான தடம் பதித்தவர் பிட்தான்.

ஆளுநருக்குக் கும்பினி தந்த ஆண்டு வருமானம் 300 பவுண்டு. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பொகானக்கின் விலையான 54,000 பவுண்டை இந்தச் சம்பளத்தில் சேர்க்க 180 ஆண்டுகள் ஆகும். கோட்டையிலிருந்த அதிகாரிகள் வாழ்ந்தது சம்பளத்தால் அல்ல. ஆசியத் துறைமுகங்களுக்கிடையே சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்துகொள்ளக் கும்பினி அவர்களை அனுமதித்திருந்தது. வைரம் அதில் முதன்மையான சரக்கு. எடை இல்லை, இடம் அடைக்காது, சம்பாத்தியத்தை லண்டனுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க அதைவிடச் சௌகரியமான வழி இல்லை.

1701 டிசம்பரில் ஜாம்சந்து என்ற பெரிய வைர வியாபாரி, வெங்கடச் செட்டி என்பவரோடு பிட்டைப் பார்க்க வந்தார். கையில் 410 காரட் எடையுள்ள, பட்டை தீட்டாத கல். வியாபாரி கேட்ட விலை 2,00,000 வராகன். பிட் கேட்டது 30,000. பேச்சு முறிந்தது. கல்லை எடுத்துக்கொண்டு ஜாம்சந்து போய்விட்டார். மறுபடி வந்தார். ஒரு பக்கம் இறங்க இறங்க மறுபக்கம் ஏற, இறுதியில் 48,000 வராகனுக்குப் பேரம் படிந்தது. வராகனுக்கு எட்டரை ஷில்லிங் என்ற கணக்கில் அது 20,400 பவுண்டு. கல்லை 1702இல் மூத்த மகன் ராபர்ட்டிடம் கொடுத்துக் கப்பலேற்றினார். அதன்பின் பிட் ஊருக்கு எழுதிய கடிதங்களில் அந்தக் கல் தன் ‘பெரிய காரியம்’ என்ற பெயரில் வரும். மனைவி, பிள்ளைகளின் சண்டையையும் செலவையும் திட்டித் தீர்க்கும் கடிதங்களின் நடுவே, இந்தக் காரியம் என்ன ஆயிற்று என்ற கவலை வந்து வந்து எட்டிப்பார்க்கும். லண்டனில் அதைப் பட்டை தீட்டவே இரண்டு ஆண்டு பிடித்தது. முடிந்தபோது மூன்றில் ஒரு பங்கு எடைதான் மிச்சம்.

பிட் அதைத் திருடினார், மிரட்டிப் பறித்தார் என்ற வதந்தி அவருக்கு முன்பே லண்டன் போய்ச் சேர்ந்திருந்தது. 1710இல் ஊர் திரும்பும் வழியில், நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் காத்திருந்தபோது, பேரம் நடந்த விதத்தை அவர் ஒரு வாக்குமூலமாக எழுதிவைத்தார். மேலே சொன்ன விலை விவரங்கள் அதிலிருந்து வருபவை. வதந்தி ஓயவில்லை. அவர் இறந்து ஏழாண்டு கழித்துக் கவிஞர் அலெக்சாண்டர் போப் அதைத் தம் கவிதையிலேயே ஏற்றிவிட்டார். சுரங்கத்தில் உழைத்த அடிமை ஒருவன் தன் காலைக் கிழித்துக் காயத்துக்குள் கல்லை மறைத்து வந்ததாகவும், கப்பல் தலைவன் ஒருவன் அவனைக் கொன்று கல்லைப் பறித்ததாகவும் இன்னொரு கதையும் உண்டு.

பிட் ஜாம்சந்தை ஏமாற்றினாரா என்பது என் பார்வையில் சின்ன விஷயம். இருவரும் பேரம் தெரிந்தவர்கள். கல் வந்தது கிருஷ்ணா நதிக்கரையின் கோல்கொண்டாச் சுரங்கங்களிலிருந்து. அவற்றில் பெரியதான கொல்லூரில், ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக 60,000 பேர் வேலை செய்ததாகப் பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சு நகை வியாபாரி டவெர்னியே எழுதியிருக்கிறார். ஆண்கள் தோண்ட, பெண்களும் பிள்ளைகளும் மண் சுமந்தார்கள். 20,400 பவுண்டுக்கு வாங்கிய கல் 1,35,000 பவுண்டுக்குப் போயிற்று. அந்த இலாபத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் தரகர் வரையில்தான் பின்னோக்கிப் போகிறார்கள். மண் சுமந்தவர் வரை போவதில்லை. பிட்டின் வாக்குமூலமும் வியாபாரி வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது.

விற்ற பணத்தில் பிட் என்ன செய்தார்? நிலம் வாங்கினார். பொகானக்கின் விலை வைரத்தின் விலையில் சரியாக ஐந்தில் இரண்டு பங்கு. பெர்க்‌ஷயரில் ஸ்வாலோஃபீல்டு எஸ்டேட்டையும் வாங்கி, 1726இல் அங்கேயே இறந்தார். ஆனால் நிலம் என்றால் வெறும் குத்தகையும் மான் காடும் மட்டும் அல்ல. அன்றைய கார்ன்வால் 44 உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. மக்கள்தொகைக்குச் சம்பந்தமே இல்லாத எண்ணிக்கை. சின்னஞ்சிறு ஊர்கள்கூடத் தலா இரண்டு உறுப்பினர்களை அனுப்பின. அந்த ஊர்களில் யார் பெரிய நிலக்காரரோ அவர் சொன்னவருக்கு ஓட்டு. மோகன் சொத்தோடு அண்டை மாவட்டமான டெவனின் ஓக்காம்ப்டன் தொகுதியில் செல்வாக்கும் பிட் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது.

இந்தச் சூட்சுமத்தை அவர் சென்னைக்கு வருமுன்பே கற்றிருந்தார். 1691லேயே வில்ட்ஷயரில் ஓல்டு சேரம் என்ற இடத்தை வாங்கியிருந்தார். அது ஒரு காலத்தில் நகரம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பக்கத்திலேயே சாலிஸ்பரி எழுந்ததும் மக்கள் அங்கே போய்விட, வெறும் மண்மேடாயிற்று. குடியிருப்பார் இல்லை. ஆனாலும் ஓட்டுரிமை நிலத் துண்டுகளோடு ஒட்டிக்கொண்டிருந்ததால், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் ஓர் எல்ம் மரத்தடியில் கூடி இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நிலம் பிட்டுடையது. எனவே உறுப்பினரும் பிட் சொன்னவர்.

பிறகு நடந்தது இங்கிலாந்தின் அரசியல் வரலாறு. பிட்டின் மகள் லூசியின் கணவர் ஜேம்ஸ் ஸ்டான்ஹோப், வைரம் விற்ற அதே 1717இல் நிதித்துறைத் தலைமையை ஏற்று ஆட்சியின் முதல் மனிதராக இருந்தார். மகன் ராபர்ட்டின் இளைய பிள்ளை வில்லியம், 1735இல் ஓல்டு சேரம் உறுப்பினராக நாடாளுமன்றத்தில் நுழைந்தார். பின்னாளில் ஏழாண்டுப் போரை நடத்தி, பிரதமருமான மூத்த பிட் அவர்தான். மூத்த பேரன் தாமஸுக்குப் பொகானக் கிடைத்தது. அவர் இளவரசர் ஃபிரெடரிக்கின் தேர்தல் முகவராகக் கார்ன்வாலில் வேலை பார்த்து, 1741 தேர்தலில் பிரதமர் வால்போலுக்கு எதிராகத் தொகுதிகளைத் திருப்பினார். அடுத்த பிப்ரவரியில் வால்போல் ஆட்சி கவிழ்ந்தது. கொள்ளுப்பேரன் வில்லியம் பிட் 1783இல் பிரதமராகி, மறுவருடம் கும்பினியின் இந்திய நிர்வாகத்தை அரசின் கண்காணிப்பில் கொண்டுவந்த சட்டத்தை இயற்றினார். கும்பினியின் ஏகபோகத்தை மீறி வியாபாரம் செய்து அபராதம் கட்டியவரின் கொள்ளுப்பேரன் கும்பினிக்கே கடிவாளம் போட்டார். இத்தனைக்கும் வழிவிட்டதில் திறமைக்குப் பங்கில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கதவைத் திறந்த சாவி காசு கொடுத்து வாங்கிய தொகுதி. மூத்த பிட்டின் பேச்சாற்றலைப் புகழ்கிற ஆங்கில நூல்கள், அவர் பேச இடம் கிடைத்த விதத்தைச் சொல்லிவிட்டு அவசரமாகக் கடந்துவிடுகின்றன.

பொகானக் மாளிகையில் மனம் செலுத்திய பிட், இன்னொரு கொள்ளுப்பேரனான தாமஸ். 1784இல் முதலாம் கேமல்ஃபோர்டு பிரபு ஆக்கப்பட்டவர். அரசியல் அவருக்குக் குடும்பத் தொழில். விருப்பம் கட்டடக் கலை. எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் ஸ்டிராபெரி ஹில் மாளிகையை எழுப்பியபோது உடனிருந்து யோசனை சொன்னவர்களில் அவரும் ஒருவர். ஸ்டோவ் தோட்டத்தில் இன்றும் நிற்கும் பெரிய கொரிந்திய வளைவு அவர் வரைந்தது. இத்தாலியில் இளைஞரான ஜான் சோனைச் சந்தித்து ஆதரித்தார். பின்னாளில் இங்கிலாந்து வங்கியைக் கட்டிய அந்தச் சோன், 1780களில் பொகானக்கில் திருத்த வேலைகள் செய்தார். தன் தாய்மாமன் சர் ரிச்சர்டு லிட்டில்டனின் நினைவாகக் கேமல்ஃபோர்டு 1771இல் எழுப்பிய 123 அடி உயரக் கல்தூண், எஸ்டேட்டில் ஒரு பழைய மண்கோட்டையின் நடுவே நிற்கிறது.

அவருடைய கார்ன்வால் நிலத்தில் இன்னொரு புதையலும் கிடைத்தது. பிளைமவுத் மருந்து வியாபாரி வில்லியம் குக்வொர்த்தி, சீனர்கள் பீங்கான் செய்யப் பயன்படுத்திய வெண்களிமண் கார்ன்வாலில் உண்டா என்று பல ஆண்டுகள் தேடித் திரிந்து, பிட் குடும்பத்துக்குச் சொந்தமான நிலத்தில் அதைக் கண்டார். 1768இல் காப்புரிமை பெற்று அவர் பிளைமவுத்தில் நடத்திய பீங்கான் ஆலையில் கேமல்ஃபோர்டும் பணம் போட்டார். ஆலை நிலைக்கவில்லை. ஆனால் அந்தக் களிமண் கார்ன்வாலின் பெருந்தொழிலாயிற்று. கோல்கொண்டாவில் தோண்டியெடுத்தது கார்ன்வாலில் நிலமானது. அந்தக் குடும்பத்து நிலத்தையே மறுபடி தோண்டினார்கள்.

இரண்டாம் கேமல்ஃபோர்டு 1775இல் பொகானக்கிலேயே பிறந்தவர். கப்பல் தலைவர் வான்கூவரோடு பசிபிக் பயணம் போய், கீழ்ப்படியாமைக்குக் கசையடி வாங்கி, திரும்பி வந்து அவரையே சண்டைக்கு அழைத்த மூர்க்கர். 1802இல் ஓல்டு சேரத்தைக் கேலிடன் பிரபுவுக்கு விற்றார். விலை 60,000 பவுண்டு என்பார்கள். அது உண்மையானால், பொகானக் எஸ்டேட் முழுவதையும் வாங்கக் கொடுத்ததைவிட அதிகம், ஆளில்லாத ஒரு மண்மேட்டுக்கு. 1804இல் ஒரு துப்பாக்கிச் சண்டையில் 29 வயதில் இறந்தார். மோகன்கள் போன விதத்திலேயே பொகானக் பிட்களும் போனார்கள்.

சொத்து அக்கா ஆனுக்கு வந்தது. அவருடைய கணவர் கிரென்வில் பிரபு 1806-07இல் பிரதமர். அடிமை வணிகத்தை ஒழித்த 1807 சட்டம் அவர் ஆட்சியில் நிறைவேறியது. ஆன் தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 1864இல் மறைந்தார். பிள்ளைகள் இல்லை. கணவரின் சகோதரி வழியில் ஃபோர்டெஸ்கியூ குடும்பத்துக்கு எஸ்டேட் போயிற்று. அதோடு ஆன் வைத்திருந்த காகிதங்களும், ஆளுநர் பிட் சென்னையிலிருந்து எழுதிய கடிதங்கள் உட்பட, அதே குடும்பத்துக்குச் சென்றன. நிலம் போன வழியே ஆவணமும் போனதால்தான் இந்தக் கதை நமக்குத் தெரிகிறது.

இருபதாம் நூற்றாண்டு பல பண்ணை மாளிகைகளை விழுங்கியதுபோல் பொகானக்கையும் விழுங்கப் பார்த்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் இங்கே தங்கினார்கள். 1969க்குப் பிறகு மாளிகையில் குடியிருப்பார் இல்லை. கூரை ஒழுகி, தரை இற்று, 1970களின் தொடக்கத்தில் தெற்குப் பகுதியை இடிக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் அடுத்த தலைமுறை கைவிடவில்லை. 2001 வாக்கில் தொடங்கிய சீரமைப்பு பத்தாண்டுக்கு மேல் நடந்தது. 2012இல் ஜார்ஜியன் குழுமத்தின் விருது கிடைத்தது. இப்போது திருமணங்கள், தோட்டக் காட்சிகள், படப்பிடிப்புகள் என்று வீடு தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறது. 1993இல் வெளிவந்த ‘மூன்று மஸ்கெட்டியர்கள்’ படத்தின் சில காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டவை. வைரமோ பதினைந்தாம் லூயியின் மகுடத்திலும் நெப்போலியனின் வாளிலும் இருந்துவிட்டு, ‘ரீஜென்ட்’ என்ற பெயரோடு பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கொல்லூர்ச் சுரங்கம் புலிச்சிந்தலா அணையின் நீருக்குள் மூழ்கிவிட்டது.

பிட்டின் குடும்பக் கடிதங்களில் பலவற்றை, டிராப்மோர் காகிதங்கள் என்ற தொகுப்பின் முதல் பகுதியாகப் பிரிட்டிஷ் வரலாற்று ஆவண ஆணையம் 1892இலேயே அச்சிட்டுவிட்டது. அவர் ஆளுநராக ஒவ்வொரு நாளும் கோட்டையில் எடுத்த முடிவுகள், புனித ஜார்ஜ் கோட்டை ஆலோசனைக் குறிப்பேடுகளில் இருக்கின்றன. அவற்றைச் சென்னை அரசு கடந்த நூற்றாண்டில் நூல்களாக வெளியிட்டிருக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அவை கிடைக்கும். ஒன்றில் பேசுவது ஆளுநர், மற்றொன்றில் பேசுவது வியாபாரி. தாவூத் கான் கோட்டையை முற்றுகையிட்டிருந்த நாட்களில் ஆளுநரின் கை எந்தக் கணக்கை எழுதியது, வியாபாரியின் கை எந்தக் கணக்கை எழுதியது என்று தேதிவாரியாக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜாம்சந்து, வெங்கடச் செட்டி போன்ற வணிகர்களின் பெயர்கள் ஆலோசனைக் குறிப்பேடுகளில் எங்கெல்லாம் தலைகாட்டுகின்றன என்றும் தேட வேண்டும். அந்தப் பெயர்களின் குலத்தையும் ஊரையும் தெருவையும் அடையாளம் காணக்கூடியவர்கள் கார்ன்வாலில் இல்லை, இங்கேதான் இருக்கிறார்கள். சென்னையின் வரலாற்றில் முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர் யாராவது இதைக் கையிலெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.